அளவுகோலை எங்கே வைப்பது

1

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவில் லென்ஸ் பார்ப்பதைக் கண் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு மேலே, ஓரமாக, ஒரு தனி ஜன்னல். கண்ணுக்கு அது வழி. பிலிமுக்கு வழி வேறு. ஜன்னலின் நடுவில் இரட்டையாகத் தெரியும் பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது இரண்டு பார்வைகளும் ஒரே பொருளில் சந்தித்துவிட்டன என்று கொள்கிறோம். அவ்வளவுதான் அவற்றுக்குள் உள்ள உறவு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து ஒரு ரோல் முழுவதும் எடுத்துத் தீர்த்துவிடலாம். ஜன்னலில் உலகம் பளிச்சென்றே தெரிந்துகொண்டிருக்கும்.

ரிஃப்ளெக்ஸ் காமிராவின் சங்கதி வேறு. அங்கே லென்ஸின் பிம்பமே கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. வருகிற வழியில் கொஞ்சம் ஒளியைத் திருடி அளந்துகொள்வது பெரிய காரியமில்லை. 1963-இல் டாப்கானும் 1964-இல் பென்டாக்ஸும் அதைச் செய்துவிட்டன. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது இருட்டறை. அதன் கோடியில் ஷட்டர் திரை. திரைக்குப் பின் பிலிம். இடையில் கண்ணாடியும் இல்லை, திரையில் விழும் பிம்பத்தைப் பார்க்க ஆளும் இல்லை. எனவே ஒளியை அளக்கும் மீட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வி இந்தக் காமிராவை ஐம்பது ஆண்டுகள் தொந்தரவு செய்தது. வெளியே வைத்தால் அது லென்ஸ் பார்ப்பதை அளக்காது. உள்ளே வைத்தால் பிலிமுக்குப் போகிற ஒளியை மறித்துக்கொண்டு நிற்கும்.

இது யந்திரம் செய்கிறவர்களின் பாடு, கவிதையும் விமர்சனமும் போடுகிற பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். அளவுகோல் என்ற வார்த்தையை நம் அளவுக்கு உபயோகித்துத் தேய்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. ஒரு படைப்பை அளக்க முடியுமா, அளப்பவன் எங்கே நிற்கிறான், அளந்தபின் முடிவு யாருடையது என்றெல்லாம் நாம் ஆவேசமாகவும் பெரும்பாலும் மொட்டையாகவும் எழுதித் தள்ளியிருக்கிறோம். இதே கேள்விகளுக்குப் பித்தளையிலும் கண்ணாடியிலும் பதில் செய்து காட்ட வேண்டியிருந்த சிலர் இருந்தார்கள். அவர்கள் மொட்டையாகப் பேச முடியாது. கருவி வேலை செய்தாக வேண்டும். அவர்கள் கொடுத்த பதில்களை ஒரு விமர்சகனாகப் பார்ப்பதே என் நோக்கம்.

2

முதலில் மீட்டர் என்ன செய்கிறது என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு உலகம் சாம்பல் நிறம். எதன் முன் நீட்டினாலும், இது நடுத்தரமாக ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு பொருள் என்று அனுமானித்துக்கொண்டு, அந்த அனுமானத்துக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தையும் அபர்ச்சரையும் சொல்கிறது. போட்டோக்காரர்கள் உபயோகிக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புவது. மீட்டரின் அனுமானம் அதன் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியை அளந்தால் வேட்டி சாம்பலாகும். கருவறைக் கல்லை அளந்தால் கல்லும் சாம்பலாகும். சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் நிற்கும் கறுத்த மனிதனை மீட்டர் சொன்னபடி எடுத்தால் சுவர் சாம்பலாகி, மனிதன் முகமில்லாமல் போவான்.

இதில் மீட்டர் பொய் எதுவும் சொல்லவில்லை. தன் அனுமானத்தைச் சொல்லாமல் விடுகிறது, அவ்வளவே. அந்த அனுமானம் தெரிந்தவன் சுவரை விட்டு முகத்தின் அருகே போய் அளப்பான். அல்லது சுவரை அளந்து, வந்த எண்ணிலிருந்து ஒன்றரை ஸ்டாப், இரண்டு ஸ்டாப் அதிக ஒளி கொடுப்பான். தெரியாதவன் எண்ணைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வான். ஆகவே ஒரு மீட்டரை மதிப்பிட அதன் நுட்பம் மட்டும் போதாது. எதை அளந்தாய், அளந்ததை எப்படிச் சொல்கிறாய், முடிவை யாரிடம் விடுகிறாய் என்று அதைக் கேட்க வேண்டும்.

3

ஆரம்ப காலத்து விடை, மீட்டரைக் காமிராவின் தலையில் உட்கார வைப்பது. 1936-இல் ஸைஸ் ஐகான் கொண்டுவந்த கான்டாக்ஸ் 3 காமிராவின் மேல்தட்டில் ஒரு செலினியம் மீட்டர் இருந்தது. செலினியம் தன்மேல் விழும் ஒளியிலிருந்து தானே மின்சாரம் உண்டாக்கும், பாட்டரி வேண்டாம். மூடியைத் திறந்து, ஊசியைப் பார்த்து, வட்டைத் திருப்பி, வந்த எண்களை ஷட்டருக்கும் லென்ஸுக்கும் கையால் மாற்ற வேண்டும். மீட்டருக்கும் காமிராவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரே வீட்டில் குடியிருப்பதைத் தவிர. 1954-இல் வந்த லைக்கா எம்-3 அந்த ஒட்டுக்குடித்தனத்தையும் ஏற்கவில்லை. மீட்டர் இல்லாமலே வந்தது. வேண்டுமானால் லைக்காமீட்டர் என்ற தனிக் கருவியை மேலே செருகிக்கொள்ளலாம். அது ஷட்டர் வேகத்தைத் திருப்பும் குமிழோடு இணைந்துகொண்டது. பின்னால் வந்த எம்ஆர் மாதிரி, 90 மில்லிமீட்டர் லென்ஸ் எவ்வளவு பார்க்குமோ ஏறக்குறைய அவ்வளவு பரப்பை அளந்தது. எதை அளந்தாய் என்ற கேள்விக்கு முதல்முறையாக ஒரு ஒழுங்கான பதில் கிடைத்தது. ஆனால் பதிலைப் படிக்கக் கண்ணை ஜன்னலிலிருந்து எடுத்துக் காமிராவின் தலையைப் பார்த்தாக வேண்டும்.

வெளியே இருக்கும் மீட்டரில் ஒரு நல்ல குணம் இருப்பதை மறுக்கக்கூடாது. அளப்பது வேறு நேரம், பார்ப்பது வேறு நேரம். தெருவில் நுழையும்போதே வெயிலுக்கு இவ்வளவு, நிழலுக்கு இவ்வளவு என்று தெரிந்துகொண்டு அப்புறம் மீட்டரை மறந்துவிடலாம். கண் படத்துக்கு மட்டும் சொந்தம்.

இதிலிருந்துதான் மீட்டரே வேண்டாம் என்கிற ஒரு சன்யாச மரபு கிளம்பியது. அதற்குப் பெரிய உதாரணங்கள் கைவசம் உண்டு. 1950 ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் திருவண்ணாமலையில், ரமணரின் கடைசி நாட்களில், ஆசிரமத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது லைக்காவுக்குள் மீட்டர் என்று ஒன்று கிடையாது. அதனால் என்ன குறைந்தது என்பார்கள். குறையவில்லைதான். ஆனால் கறுப்பு வெள்ளை நெகடிவ் ஒன்றிரண்டு ஸ்டாப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும் என்பதையும், ப்ரெஸ்ஸான் தன் பிரிண்டுகளைத் தானே போடுகிறவர் அல்ல என்பதையும், பிசகுகளைச் சரிக்கட்ட இருட்டறையில் தேர்ந்த ஒரு கை இருந்தது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை. அளவு இல்லாமல் போகவில்லை. ஆயிரக்கணக்கான தடவை அளந்த பழக்கம் ஆளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மீதி அளவு லாபரட்டரியில் நடந்தது. கலர் ஸ்லைடு பரவலானபோது இந்த சன்யாசத்துக்குச் சோதனை வந்தது. ஸ்லைடில் எடுத்ததுதான் படம். இருட்டறை மன்னிப்பு கிடையாது. அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெளுத்துவிடும்.

4

எதிர்ப்பக்கத்து விடை ஜப்பானிலிருந்து வந்தது. அறுபதுகளில் காட்மியம் சல்ஃபைட் செல் புழக்கத்துக்கு வந்தது. இது தானாக மின்சாரம் தராது, பாட்டரி கேட்கும். பதிலுக்குச் செலினியம் கைவிட்ட மங்கல் ஒளியிலும் அளக்கும். 1961-இல் செலினியத்தோடு வந்த கானன் 7, 1965-இல் 7எஸ் ஆகி இந்த செல்லுக்கு மாறியது. லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட மலிவான ரேஞ்ச்ஃபைண்டர்கள் பலவற்றில் செல்லை லென்ஸின் வளையத்துக்குள்ளேயே பதித்தார்கள். ஃபில்டர் போட்டால் செல்லுக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். சின்ன யோசனைதான், ஆனால் அழகானது.

இந்த வகையில் யாஷிகா எலக்ட்ரோ 35 முக்கியமானது. 1966-இல் வந்தது. அபர்ச்சரை நாம் வைக்க வேண்டும். வேகத்தை மின்சார ஷட்டர் தீர்மானிக்கும். என்ன வேகம் என்று அது சொல்லாது. ஒளி மிஞ்சினால் சிவப்பு விளக்கு. ஷட்டர் கை ஆட்டம் தெரியும் அளவுக்கு மெதுவாகப் போகுமென்றால் மஞ்சள் விளக்கு. இரண்டும் எரியாவிட்டால் எல்லாம் க்ஷேமம். அபர்ச்சர் வளையத்தில் எண்களோடு வெயில், மேகம், வீடு என்று சின்னச் சின்னப் படங்களும் போட்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாதவனும் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பது மாதிரி.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எலக்ட்ரோவின் லென்ஸ் நல்ல லென்ஸ். அது எடுத்த கல்யாணங்களும் குழந்தைகளும் கோடிக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் சரியான எக்ஸ்போஷரோடு. வாசகனைத் தொல்லைப்படுத்தாமல் கதை சொல்லும் ஒரு திறமையான தொடர்கதைக்காரரை நான் எப்படிக் குறைசொல்ல மாட்டேனோ, அப்படியே இதையும் குறைசொல்ல மாட்டேன். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று: முடிவை எடுத்துக்கொண்டவன் முடிவு இன்னது என்று சொல்லாமல் இருப்பது. வேகம் 1/60 வினாடியா 1/250 வினாடியா என்று தெரியாதவனுக்கு ஓடுகிற பையனின் கால் கலங்கி விழுமா, உறைந்து நிற்குமா என்பதும் தெரியாது. அதாவது படத்தில் காலம் எப்படி இருக்கப்போகிறது என்பதே அவன் கையில் இல்லை. ஒளி சரியாகத்தான் இருக்கும்.

இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. கானனெட் க்யூஎல்17-இல் வேகத்தை நாம் வைத்தால் அபர்ச்சரைக் காமிரா தேர்ந்தெடுத்து ஜன்னலில் ஊசியால் காட்டும், அதுவரை நியாயம். நாமே அபர்ச்சரையும் வைக்கிறோம் என்றால் மீட்டர் அணைந்துவிடும். 1980-இல் வந்த மினோல்டா சிஎல்இ இன்னும் மிக நுட்பமானது. ஷட்டர் திறந்திருக்கும்போதே பிலிமின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து ஷட்டரை மூடும் அபாரமான யந்திரம். அதிலும் வேகத்தை நாம் வைத்தால் மீட்டர் மௌனம். நான் முடிவு செய்தால்தான் பேசுவேன், நீ முடிவு செய்தால் எனக்கு உன்னோடு பேச்சில்லை. இந்த மாதிரி விமர்சகர்களை நம் சூழலிலும் பார்த்திருக்கிறேன்.

5

1971-இல் லைக்கா எம்-5 வந்தது. என் கட்சி இந்தக் காமிராவோடுதான்.

உள்ளே வைத்தால் ஒளியை மறிக்கும், வெளியே வைத்தால் லென்ஸ் பார்ப்பதை அளக்காது என்ற முடிச்சை வெட்ஸ்லரில் இருந்தவர்கள் நேராகவே அவிழ்த்தார்கள். பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றியதும் மெல்லிய கை ஒன்று லென்ஸுக்குப் பின்னால் எழுந்து ஷட்டர் திரையின் முன் நிற்கும். கையின் நுனியில் காட்மியம் சல்ஃபைட் செல். லென்ஸ் வழியே வருகிற பிம்பத்தின் நடுவில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் அது அளக்கும். பட்டனை அழுத்தும்போது, திரை நகர்வதற்கு முன், கை கீழே படுத்துவிடும். சாட்சி சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிப் போவது போல. லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் கை எழுவதையும் விழுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு யந்திரம் தன் வேலையை இவ்வளவு வெளிப்படையாகச் செய்வதை வேறெங்கும் பார்த்ததில்லை.

சொல்லும் விதமும் அப்படியே. ஜன்னலின் அடியில் ஷட்டர் வேகங்கள் எண்களாகத் தெரியும். நாம் வைத்த வேகத்தைக் காட்டும் கோடு ஒன்று, ஒளியைக் காட்டும் ஊசி ஒன்று. இரண்டும் சந்தித்தால் மீட்டரின் கணக்குப்படி சரி. சந்திக்காவிட்டால் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வேகத்தைத் திருப்பும் குமிழைக் காமிராவின் முன்விளிம்புக்கு வெளியே சற்று நீட்டி வைத்தார்கள். கண்ணை எடுக்காமல் ஆள்காட்டி விரலால் திருப்பலாம். ஆக, எதை அளந்தாய்? நடுவில் உள்ள இந்த வட்டத்தை. எப்படிச் சொல்கிறாய்? எண்ணாகவும் தூரமாகவும். முடிவு யாருடையது? உன்னுடையது. சுவர் முன் நிற்கும் கறுத்த மனிதனின் முகத்தில் வட்டத்தை வைத்துப் பார்த்து, சுவரில் வைத்துப் பார்த்து, ஊசி இரண்டு இடங்களுக்கிடையே ஓடும் தூரத்தைக் கண்ணாலேயே அளந்து, எங்கே நிற்பது என்று தீர்மானிக்கலாம். இங்கே மீட்டர் பார்வைக்கு இடைஞ்சலாக இல்லை. பார்வையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

எம்-5 தோற்றது. 1975-இல் நிறுத்திவிட்டார்கள். செய்தது மொத்தம் சுமார் 34,000. எம்-3 இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நியாயமானவையும் உண்டு. உள்ளே ஆழமாக நீளும் பழைய அகலக்கோண லென்ஸ்களும், உள்ளே மடங்கும் லென்ஸ்களும் அந்தக் கையில் மோதும் அபாயம் இருந்தது. விலை அதிகம். ரிஃப்ளெக்ஸ் காமிராக்கள் சந்தையை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனால் திரும்பத் திரும்ப ஒலித்த புகார் வேறு: இது லைக்கா மாதிரி இல்லை. பழைய எம்மைவிட ஒரு சென்டிமீட்டர் போல அகலம், அரை சென்டிமீட்டருக்கு மேல் உயரம். வளைவுகள் போய்ப் பெட்டிபோல் ஆகிவிட்டது. தோள்வாரை மாட்டும் வளையங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததால் காமிரா கழுத்தில் நெட்டுக்குத்தாகத் தொங்கியது. பிறகு மூன்றாவதாக ஒரு வளையம் வைத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தப் புகாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது கருவி என்ன செய்கிறது என்பதைப் பற்றியதே அல்ல. உருவம் பரிச்சயமாக இல்லை என்பதைப் பற்றியது. கை எழுந்து விழ இடம் வேண்டும். ஜன்னலில் எண்களைக் காட்ட இடம் வேண்டும். உள்ளே வந்த புதிய காரியத்தின் நிர்ப்பந்தத்தால் வெளி உருவம் மாறியது. அந்த உருவத்தை அதன் உள் நியாயத்தோடு சேர்த்துப் பார்க்காமல் பழைய வளைவைக் காணோமே என்று புலம்புவது என்ன மாதிரியான ரசனை? புதுக்கவிதை வந்தபோது, எதுகை எங்கே, மோனை எங்கே என்று கேட்டவர்களை நமக்குத் தெரியும். லைக்காக்காரர்கள் அவர்களைவிடக் காமிராவை நன்றாகத் தெரிந்தவர்கள். மரபின் மேலுள்ள பிரியம் நல்ல தேர்ச்சி உள்ளவர்களின் கண்ணையும் எப்படிக் கட்டிவிடுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

6

பின்வாங்கல் முழுமையாக இருந்தது. 1977-இல் கனடாவின் மிட்லாண்டில் தயாரித்த எம்4-2 மீட்டர் இல்லாமல், பழைய உருவத்தில் வந்தது. பிறகு 1984-இல் எம்-6. அது மீட்டரைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் உருவத்தைத் தொடாமல். ஷட்டரின் முதல் திரையின் நடுவில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. லென்ஸ் வழியே வந்த ஒளி பொட்டில் பட்டுத் திரும்புவதை, ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிலிக்கான் செல் அளக்கிறது. கை இல்லை, எழுவதும் விழுவதும் இல்லை. மறிப்பதற்கு ஏதுமில்லாததால் இடமும் தேவையில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது எம்-5-ஐவிட நேர்த்தியான விடை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கை செய்த வேலையை ஒரு பொட்டுச் சுண்ணாம்பு செய்துவிட்டது.

சொல்லும் விதத்தில்தான் இழப்பு. ஜன்னலில் சிவப்பாக இரண்டு அம்புகள். ஒளி குறைந்தால் ஒன்று, மிஞ்சினால் மற்றது. இரண்டும் சமமாக எரிந்தால் சரி. ஒன்று மங்கி மற்றது பிரகாசித்தால் பிசகு சிறிது என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை. ஒரு ஸ்டாப் விலகியிருக்கிறாயா, நாலு ஸ்டாப் விலகியிருக்கிறாயா என்பதை அம்பு சொல்லாது. என்ன வேகத்தில் இருக்கிறாய் என்பதையும் ஜன்னல் சொல்லாது. சில ஆண்டுகள்வரை ஒரு முரண்பாடும் இருந்தது. அம்பு காட்டும் திசையில் அபர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் சரியாகும். வேகக் குமிழை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். 1998-இல் வந்த மாற்றுருவில்தான் குமிழின் திசையைப் புரட்டி, அம்புகளுக்கிடையே ஒரு புள்ளியையும் வைத்தார்கள்.

அம்புக்கு ஆதரவாகவும் வாதம் உண்டு. அது லேசான வாதமல்ல. குறைவாகச் சொல்லும் மீட்டர் கண்ணைப் படத்திலேயே விட்டுவைக்கிறது. எண்களைப் படிக்கிறவன் எண்களைப் படித்துக்கொண்டே இருப்பான். அதற்குள் தெருவில் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். எம்-6 முடிவை நம்மிடமிருந்து பறிக்கவில்லை என்பதும் உண்மை. பாட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். மீட்டர் மட்டும்தான் அணையும். எலக்ட்ரோவில் பாட்டரி தீர்ந்தால் ஒரே வேகம்தான் மிஞ்சும். இது பெரிய வித்தியாசம். ஆனாலும் அம்பு பழக்குவது ஒரு காரியத்தைத்தான்: இரண்டையும் சமமாக எரிய வைப்பது. சமமாக எரிந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எதனோடு சமரசம் என்று பார்த்தால், சாம்பலோடு. ஊசி, விலகலை ஓர் இடமாகக் காட்டியது. அங்கே போய் நிற்கலாம். அம்பு, விலகலைத் தப்பாகக் காட்டுகிறது. தப்பிலிருந்து திரும்பத்தான் தோன்றும். வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் இருட்டில் நிற்க விரும்புகிறவன் அம்பை எதிர்த்துக்கொண்டு, எண்ணை மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

7

நம் வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்து பார்க்கலாம். அலசல் விமர்சனத்தை சி.சு. செல்லப்பா வற்புறுத்தினார், க.நா.சு. அதை ஏற்கவில்லை. ரசனையில் தேறிய மனம் நல்லதை அடையாளம் காட்டினால் போதும் என்பது அவர் கட்சி. இந்தத் தகராறில் பிற்பாடு சேர்ந்துகொண்டவர்கள் இரண்டையும் சுலபமாக்கினார்கள். மீட்டர் இல்லாமல் எடுப்பதே மேதைமை என்று ஒரு கூட்டம். அவர்களுக்கு க.நா.சு. எத்தனை ஆயிரம் புஸ்தகங்களைப் படித்துப் படித்து அந்தக் கண்ணைச் சம்பாதித்தார் என்பது ஞாபகத்தில் இல்லை. சித்தாந்தமோ கோட்பாடோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கு எரியவில்லை, எல்லாம் க்ஷேமம் என்று சொல்கிற கூட்டம் இன்னொன்று. எந்த வட்டத்தை அளந்தார்கள், எந்தச் சாம்பலை அனுமானித்தார்கள் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரு நாவலின் நானூறு பக்கங்களில் எந்த நாற்பதைப் படித்துத் தீர்ப்பு வந்தது என்பதும் தெரியாது.

எனக்கு வேண்டிய விமர்சனம் எம்-5 மாதிரியானது. படைப்பின் வழியே வருகிற ஒளியை, படைப்புக்குள் நின்று அளப்பது. எந்த இடத்தை அளந்தோம் என்று காட்டுவது. விலகலைத் தப்பு என்று முத்திரை குத்தாமல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்வது. முக்கியமாக, வாசகன் பார்க்கும் கணத்தில் நடுவிலிருந்து விலகிவிடுவது. இதற்கு விமர்சனத்தின் உருவம் கொஞ்சம் பெருத்துப்போகும். வளைவுகள் போகும். கழுத்தில் நேராகத் தொங்காது. போகட்டும்.

காலம் எம்-5-ஐ வேறு விதத்திலும் வஞ்சித்துவிட்டது. அது நம்பியிருந்த 1.35 வோல்ட் மெர்க்குரி பாட்டரி நச்சுப்பொருள் என்று தடைசெய்யப்பட்டுவிட்டது. சாதாரண 1.5 வோல்ட் செல்லைப் போட்டால் ஊசி பிசகும். ஈடுகட்ட ஏதாவது செய்தாக வேண்டும். லைக்கா 2014-இல் எம்-ஏ என்று மீட்டரே இல்லாத காமிரா ஒன்றைச் செய்தது. சன்யாசத்துக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. 2022-இல் எம்-6-ஐ மறுபடி வெளியிட்டது. அம்புகளுக்கும் கிராக்கி இருக்கிறது. எம்-5-ஐ யாரும் திரும்பச் செய்யவில்லை. பழைய சாமான் கடைகளில் அது பல ஆண்டுகள் மற்ற எம்களைவிட மலிவாகக் கிடைத்தது. வாங்கியவர்கள் அதை அவ்வளவு சுலபத்தில் விற்பதில்லை என்று கேள்வி.